துளை பிசகினால் போகம் பிசகும்

2010 ஆம் ஆண்டு புரட்டாதிக் கடைசியில் வன்னியில் மீளக்குடியமர்ந்த ஒரு கிராமத்துக்கு நாம் போயிருந்தோம். சனங்கள் முகாமிலிருந்து வந்து ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. பற்றை வெட்டி, உடைந்த வரம்புகளைக் கட்டி முடித்திருந்தார்கள். முதல் மழையும் விழுந்திருந்தது. கமக்கார அமைப்புக்கு உதவியாகக் கிடைத்த இருசில்லு உழவு யந்திரம், அதாவது நாமெல்லோரும் லாண்ட்மாஸ்ரர் என்று சொல்வது, வயல் நடுவே ஒருபக்கம் சாய்ந்து நின்றது. இடப்பக்க இரும்புச் சில்லு கழன்று சேற்றில் கிடந்தது. சில்லைப் பூட்டும் பின் போகிற துளையிலேயே அச்சுத்தண்டு முறிந்திருந்தது.

முறிந்த துண்டை வாய்க்காலில் கழுவிப் பார்த்தோம். முறிவின் முகத்தில் ஒரு பகுதி கறுத்திருந்தது, மற்றப் பகுதி புது இரும்பாய் மின்னியது. கறுத்த பகுதி முன்னமே வெடித்து, நாளுக்கு நாள் உள்ளே போயிருந்த கீறல். மின்னிய பகுதிதான் அன்று முறிந்தது. கீறல் தொடங்கிய இடம் துளையின் ஓரம். தண்டு 30 மில்லிமீற்றர், துளை 10 மில்லிமீற்றர். நடுவே போயிருந்தால் இருபுறமும் பத்துப் பத்தாக இரும்பு மிஞ்சியிருக்கும். அந்தத் துளையோ 3 மில்லிமீற்றர் விலகியிருந்தது. ஒருபுறம் 7, மறுபுறம் 13. பழைய தண்டு தேய்ந்ததால், பக்கத்து ஊரில் ஒருவர் கையால் பிடிக்கிற ட்றில்லால் துளைத்துக் கொடுத்த புதுத் தண்டு அது. "மூண்டு மில்லிமீற்றர் என்ன பெரிய கணக்கோ, தம்பி?" என்று வயற்காரர் எம்மைக் கேட்டார். துளை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். பின்னும் தளர்வாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் நகரத்துக்குப் போய் வேறு தண்டு கடைந்து கொண்டுவர பன்னிரண்டு நாள் சென்றது. அதற்குள் மழை இறுகிவிட்டது. ஐந்து குடும்பங்கள் பிந்தி விதைத்தன, பிந்தி விதைத்த நெல் கதிர் தள்ளும்போது தண்ணீர் இல்லை. முகாமிலிருந்து வந்தவர்களின் முதலாவது காலபோகம் அப்படிப் போயிற்று.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உழவு யந்திரம் கொடுக்கிறவர்கள், நீரிறைக்கும் யந்திரம் கொடுக்கிறவர்கள், அவற்றோடு ஒரு ட்றில் மெசினையும் அதைப் பழக்கும் ஒருவரையும் ஊருக்குக் கொடுக்கவேண்டும். மேசையில் பூட்டி நிற்கிற சாதாரண ட்றில் மெசின் போதும். ஓர் உழவு யந்திரத்தின் விலையோடு பார்த்தால் அது சிறிய செலவு. கையளிப்பு வைபவத்தில் படம் எடுக்க அது அழகாக இராது என்பது உண்மைதான். ரிப்பன் கட்டவும் இடம் குறைவு.

இந்த யோசனை எமக்குப் புதிதாக வந்ததல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை வன்னியில் 2002 வரை நீடித்தது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, பற்றரி, இரசாயன உரம் எல்லாம் தடைப்பட்ட காலம். மண்ணெண்ணெயில் யந்திரம் ஓட்டினோம். அதுவும் இல்லாதபோது கிணற்றடியில் ஆடுகாலை நிமிர்த்தித் துலாவைப் பூட்டினோம். அந்நாளில் உதிரிப்பாகம் என்று கடையில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பட்டறைக்காரர்கள் பழைய இரும்பிலிருந்து செய்தார்கள். ஓர் ட்றில் அலகை விரல்நீளத்துக்குத் தேயும்வரை தீட்டித் தீட்டிப் பாவித்தவர்கள் அவர்கள். அந்தக் கைகளில் பல இன்று இல்லை. சிலர் கடல்கடந்து போய்விட்டார்கள். பாதை திறந்து, கடையில் எல்லாம் வாங்கலாம் என்று வந்ததும் இளையோர் அந்த வேலையைப் பழகவும் இல்லை. பிறகு 2022 இல் ரூபா விழுந்து, டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, உதிரிப்பாகங்களின் விலை கைக்கெட்டாமல் போனபோதுதான், தெரிந்தவர்கள் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று தேடினோம்.

உருண்டைக் கம்பியில் நடுவே துளை போடுவது ஏன் கடினம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ட்றில் அலகின் நுனி ஊசிபோலக் கூரானதன்று. உற்றுப்பார்த்தால் அங்கே உளிவாய்போல ஒரு சிறு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பு இரும்பை வெட்டுவதில்லை, அழுத்தித் தள்ளுகிறது. வெட்டுவது பக்கத்திலுள்ள இரண்டு வாய்கள். ஆகவே தட்டையான இரும்பிலும் அலகு முதலில் சற்று அலைந்துதான் இடம் பிடிக்கும். உருண்டைக் கம்பியிலோ உச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சரிவு. ஒரு மயிரளவு விலகித் தொட்டாலே அலகு வழுக்கி வளையும். வளைந்தபடியே உள்ளே இறங்கும். மறுபக்கத்தால் வெளிவரும்போதுதான் பிசகு தெரியும்.

இதற்கு முதல் மருந்து அடையாளம் இடுவது. ஒரு கடதாசிப் பட்டியைக் கம்பியைச் சுற்றி, இரு முனைகளும் சரியாக முட்டுமாறு வெட்டுங்கள். பட்டியை எடுத்து இரண்டாக மடித்து, மடிப்பில் ஒரு கோடிடுங்கள். மீண்டும் சுற்றினால், முனைகள் முட்டும் இடமும் மடிப்புக் கோடும் கம்பியின் நேரெதிர்ப் புறங்களில் நிற்கும். இரண்டு இடத்திலும் சென்ரர் பஞ்ச்சால் குறியிடலாம். முதற் தட்டு மெதுவாக. குனிந்து பாருங்கள். விலகியிருந்தால் பஞ்ச்சைச் சரித்துத் தட்டிக் குழியை இழுத்துவந்து, பிறகு நிமிர்த்திப் பலமாகத் தட்டுங்கள். கைட்றில் மட்டுமே உள்ளவர்கள் இந்த இரண்டு குறிகளிலிருந்தும் பாதிப்பாதியாகத் துளைத்து நடுவில் சந்திக்கச் செய்தால், ஒரே பக்கத்தால் ஊடுருவுவதைவிட நன்றாக வரும். அந்த 30 மில்லிமீற்றர்த் தண்டைத் துளைத்தவர் இதைச் செய்திருந்தாலே பாதிப் பிசகு குறைந்திருக்கும் என்பது எமது எண்ணம்.

இரண்டாவது, கம்பி உருளாமல் கிடக்க ஒரு படுக்கை. வி வடிவில் வெட்டிய இரும்புக் கட்டை கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நேரான அங்கிள் இரும்புத் துண்டொன்றை, வாய் மேலே பார்க்கும்படி, ஒரு தகட்டில் ஒட்டி எடுக்கலாம். நல்ல முதிரைக் கட்டையில் வெட்டியும் வேலை பார்த்திருக்கிறார்கள். இந்தப் படுக்கையின் அடிக்கோடு அலகின் நேர்கீழே வரவேண்டும், இல்லாவிட்டால் படுக்கையால் பயனில்லை. அதை அறிய ஓர் எளிய வழி உண்டு. கம்பியின் மேல் மெல்லிய தகட்டுத் துண்டொன்றைக் குறுக்கே வையுங்கள். உருக்கு அடிமட்டம் இருந்தால் இன்னும் நல்லது. மெசின் ஓடாமல் நிற்க, அலகின் நுனியை மெதுவாக இறக்கித் தகட்டை அழுத்துங்கள். தகடு தராசுத் தண்டுபோல மட்டமாக நின்றால் நுனி உச்சியில் இருக்கிறது. இடப்பக்கம் தாழ்ந்தால் நுனி இடப்பக்கம் விலகியிருக்கிறது, படுக்கையை இடப்பக்கமாக நகர்த்துங்கள். மட்டமானதும் படுக்கையை மேசையோடு இறுகப் பூட்டிவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இதை ஒரு முறை கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு மறப்பதில்லை.

துளைக்கத் தொடங்கும்போது நீண்ட மெல்லிய அலகால் தொடங்கவேண்டாம். கட்டையாய்த் தடித்த மைய அலகு என்று ஒன்று உண்டு. அது வளையாது. அதனால் ஒரு குழி போட்டு, 5 மில்லிமீற்றர் அலகால் முன்துளை போட்டு, கடைசியில் 10 மில்லிமீற்றர் அலகை விடலாம். முன்துளை வளைந்தால் பெரிய அலகும் அதன் பின்னாலேயே போகும், ஆகவே முன்துளைக்கே கூடுதலான பொறுமை வேண்டும். அலகை அடிக்கடி மேலே எடுத்துச் சுருளைத் தட்டிவிடவேண்டும். சாதாரண மெல்லுருக்குக்கு 6 மில்லிமீற்றர் அலகு நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்றும், 12 மில்லிமீற்றர் அலகு சுமார் 650 சுற்றும் ஓடினால் போதும். எமது ஆட்கள் பெரிய அலகை அதிவேகத்தில் ஓட்டி, புகை வந்ததும் "பிற் சரியில்லை" என்று கடைக்காரரை ஏசுகிறார்கள். பட்டறைகளில் பாவிக்கும் வெட்டெண்ணெய் இல்லாவிட்டால் தேங்காயெண்ணெயும் உதவும். யந்திரத்தில் கழித்த பழைய எண்ணெயை விடவேண்டாம், அது தோலுக்குக் கெடுதி.

அலகைத் தீட்டுவது தனிக் கலை, அதைப் பத்திரிகையில் படித்துப் பழகமுடியாது. ஒரு சோதனையை மட்டும் சொல்கிறோம். இரண்டு வாய்களும் சமமாக இருந்தால் இரண்டு பக்கத்தாலும் ஒரேமாதிரிச் சுருள் வெளிவரும். ஒருபக்கம் சுருளும் மறுபக்கம் தூளும் வந்தால் அலகு ஒரு வாயால் மட்டும் வெட்டுகிறது. அந்தத் துளை அளவில் பெருக்கும், வழியிலும் விலகும்.

இனி கம்பியின் முனையில், அதன் நீளப்போக்கில் நடுவே துளைப்பது. நீரிறைக்கும் யந்திரத்துத் தண்டின் முனையில் போல்ற் ஏற்றுவதற்கு இது வேண்டியிருக்கும். இதில்தான் அனுபவசாலிகளும் தோற்பதைக் கண்டிருக்கிறோம். முனையில் நடுவைக் குறித்து, கம்பியை வைஸில் நிமிர்த்தி, கண்மட்டத்தில் "நேர்தான்" என்று துளைப்பார்கள். தொடக்கம் நடுவில் இருக்கும், அடி ஒருபக்கம் போயிருக்கும். ஏனென்றால் கம்பி நிமிர்ந்து நிற்கவில்லை. இதற்கு மெசினையே சாட்சியாக்கும் ஒரு வழி இருக்கிறது. அலகைப் பிடிக்கும் சக்கில் முதலில் அலகைப் பூட்டவேண்டாம், கம்பியையே பூட்டுங்கள். வைஸை மேசையில் கட்டாமல் சும்மா வைத்து, சக்கோடு கம்பியை இறக்கி, வைஸின் வாய்க்குள் விட்டு இறுக்குங்கள். பிறகு வைஸை மேசையோடு பூட்டுங்கள். இப்போது சக்கைத் தளர்த்தி மேலே எடுத்தால், கம்பி சக்கின் நேர்கீழே, அதன் போக்கிலேயே நிற்கும். சக்கில் அலகைப் பூட்டித் துளையுங்கள். மேசை சற்றுச் சரிந்திருந்தாலும் இந்த முறையில் பாதகமில்லை. ஆனால் இடையில் மேசையை ஏற்றி இறக்கக்கூடாது. உருண்டைத் தூணுள்ள மெசின்களில் மேசையை அசைத்தால் அது பக்கவாட்டிலும் திரும்பிவிடும், செய்த வேலை வீண். ஆகவே கம்பியும் அலகும் சக்கின் ஒரே இறக்கத்துக்குள் அடங்குமா என்று முன்னமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. பொதுவாகக் கிடைக்கும் சக் 13 மில்லிமீற்றருக்கு மேல் பிடிக்காது. அதைவிடத் தடித்த தண்டின் முனையில் ஆழமாகத் துளைக்க வேண்டுமென்றால் கடைச்சல் பட்டறைக்குத்தான் போகவேண்டும். கடைச்சல் யந்திரத்தில் தண்டு சுழல்கிறது, அலகு சும்மா நிற்கிறது. அதனால் துளை தன்னாலேயே நடுவை நாடுகிறது. ஊர் ட்றில் மெசின் எல்லாவற்றையும் செய்யும் என்று ஆசைகாட்ட நாம் விரும்பவில்லை. ஆனால் சில்லுப் பின், பெட்டிக் கொழுவி, கலப்பைப் போல்ற், நீர்க்குழாய்ப் பிடி என்று ஒரு போகத்தில் ஊருக்கு வேண்டிவருகிற துளைகளில் மிகப்பெரும்பாலானவை குறுக்குத் துளைகளே. அவற்றுக்காக நகரத்துக்கு ஓடவேண்டியதில்லை.

சில்லுப் பின் என்றதும் இன்னொன்று. சில்லின் குழலையும் தண்டையும் தனித்தனியே துளைத்துப் பிறகு பொருத்திப் பார்ப்பவர்கள் பலர். பின் போகாது, சுத்தியலால் அடிப்பார்கள். குழலுக்குள் தண்டைச் செருகி, இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் துளைப்பதே சரி. பிறகு குழலிலும் தண்டிலும் ஒரே பக்கத்தில் பஞ்ச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், எந்தப் பக்கம் மேலே என்று இருட்டிலும் தடவி அறியலாம்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு துளைக்கவே கூடாது. அலகு மறுபக்கத்தால் வெளிவரும் கணத்தில் இரும்பைக் கவ்விச் சுழற்றும். கையுறை போடக்கூடாது. கையைக் காக்கும் என்று நினைத்துப் போடுகிறார்கள், அது விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சேலைத்தலைப்பு, சால்வை, அவிழ்த்த தலைமயிர் எல்லாம் அப்படித்தான். சக்கின் சாவியை எடுத்த பிறகே மெசினைப் போடவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்.

எம்மவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இராது. போர் நடந்த காணிகளில் கிடக்கிற இரும்பை எடுத்துவந்து வைஸில் வைக்காதீர்கள். குழாய்போல, தண்டுபோல இருக்கும், நல்ல உருக்காகவும் இருக்கும். அது என்ன என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால் தொடவேண்டாம். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்தால் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்தமுறை ஒளித்துவைப்பார்கள். கிடந்த இடத்தைக் கேட்டு, அங்கே ஒருவரும் போகாமல் தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மூடிய எண்ணெய்த் தாங்கிகளையும், வெறுமையென்றாலும், துளைக்கவேண்டாம்.

யார் பழகுவது என்பதில் எமக்கு உறுதியான எண்ணம் ஒன்று இருக்கிறது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்களைப் பெண்களே நடத்தவேண்டி வந்தது. அவர்களுக்கு வாழ்வாதாரம் என்று வந்தவை பெரும்பாலும் தையல் மெசினும் கோழிக்குஞ்சும். ஓர் ஊரில் எத்தனை பேர் சட்டை தைப்பது? ட்றில் மெசினில் பலம் தேவையில்லை, கைப்பிடியை இறக்கும் நிதானமே தேவை. கடதாசியை மடித்து நடுவைக் காணும் வேலை, சட்டைத்துணியை மடித்து நடுவைக் காணும் வேலைதான். ஒரு பெண் இரும்பு வேலை செய்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்பவர்கள், வயல் உழமுடியாமல் நின்றால் ஊர் என்ன தரும் என்பதையும் சொல்லவேண்டும்.

மெசின் யாருடையது என்ற கேள்வி வரும். அமைப்பின் பொதுச்சொத்து என்று வைத்தால் சாவி தலைவர் வீட்டில் இருக்கும், மெசின் துருப்பிடிக்கும். இதை நாம் கண்டிருக்கிறோம். ஒருவரிடமே கொடுத்தால் அவர் விலை வைப்பார். எமக்குத் தோன்றுவது, பழகிய இருவரிடம் பொறுப்பைக் கொடுத்து, துளைக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் கூலி தீர்மானித்து, அதில் ஒரு பங்கு அலகு வாங்க ஒதுக்குவது. இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் எமக்கு எழுதுங்கள், வெளியிடுவோம். சுற்றுவேகம் மாற்றக்கூடிய மெசினாகவும், சூரியப்படலிலோ சிறிய ஜெனரேற்றரிலோ ஓடக்கூடிய சிறு மோட்டார் உள்ளதாகவும் பார்த்து வாங்கவேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள் எம் வாசகர்களில் இருக்கிறார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்களுள் முப்பது ஆண்டுகள் கழிந்தும் தம் கிணற்றடியைக் காணாதவர்கள் உண்டு. "காணியே இல்லாதவனுக்கு ட்றில் மெசின் எதற்கு?" என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. எமக்கு ஞாபகம் வருவது 1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமமே எழுந்து நடந்த அந்த இரவில், செம்மணிப் பாதையில் சைக்கிளில் என்னத்தை ஏற்றுவது என்று தெரியாமல் மெசினைப் பட்டறையிலேயே பூட்டிவிட்டு வந்த ஒருவர், ஒரு துணிப்பையில் பஞ்ச், அடிமட்டம், கவராயம், ஏழெட்டு அலகு இவ்வளவையும் போட்டுக்கொண்டு வந்தார். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ், இரவல் கைட்றில் ஒன்றோடு மூன்றாம் நாளே அவருக்கு வேலை வந்தது. அகதிகளின் சைக்கிள்களும் கைவண்டில்களும் வழியெல்லாம் உடைந்து கிடந்தன. காணி உள்ள அயலவர்கள் நிவாரண அரிசிக்காகக் காத்திருந்தபோது அவர் கூலி வாங்கினார்.

அந்த வன்னிக் கிராமத்தில் முறிந்த தண்டை எறியவேண்டாம் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். பழக வருகிற பிள்ளைகளின் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறோம், துளையின் இரண்டு ஓரத்தையும் அடிமட்டத்தால் அளந்து சொல்லச் சொல்லி. வருகிற காலபோகத்துக்கு முந்திய கமக்கார அமைப்புக் கூட்டத்தில், உதவி கேட்கும் பட்டியல் எழுதும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ட்றில் மெசின் ஒன்று, வைஸ் ஒன்று, வி கட்டை இரண்டு, அலகு ஒரு பெட்டி, இருவருக்கு ஆறு மாதப் பயிற்சி. பயிற்சியை வெட்டிவிட்டு மெசினை மட்டும் தருகிறோம் என்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.